சித்தி வண்டிக்கு டயர் அகலம்

கடைத்தெருவில் 'கண்ணாடி அக்கா' என்றால்தான் அவளைத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்காருகிறவர்களின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வட்ட வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, "இப்ப நல்லா தெரியுதா, முன்னாடி நல்லா தெரிஞ்சுதா?" என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது அவள் வேலை. கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. திரைச்சீலைக்குத் துணி வாங்கினாலும், இரண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டிலும் அதே குரலில்தான் கேட்பாள். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு மேற்பார்வை பார்க்கும் அவள் கணவர், "எனக்கு ரெண்டுமே மங்கலாத்தான் தெரியுது டாக்டர்" என்பார்.

நல்ல மனுஷி. பக்கத்துக் கடைக்காரிக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் கடைக்கு வருகிறவர்களையும் இவளே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பொறாமை உண்டு என்று வெளியே யாரிடமாவது சொன்னால் அடிக்க வருவார்கள். இருந்தது. ஊர் உலகத்தின் மேல் செலவழிக்காமல், மொத்தத்தையும் ஒரே ஆளுக்கென்று சேர்த்து வைத்திருந்தாள். அந்த ஆள் அவளுடைய தங்கை.

தங்கைக்கு நிலம் அளக்கும் வேலை. சாலை போடுகிற இடம், அணை கட்டுகிற இடம் என்று முக்காலி மேல் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மலையைப் பார்க்கிற வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்காக ஒரு நாளும் முகம் வாடாமல் இருந்தாள். அதுவே அக்காவுக்குக் கொஞ்சம் பொறுக்காது. போதாக்குறைக்கு எல்லாவற்றிலும் தங்கை முந்தி. முதலில் வண்டி ஓட்டக் கற்றவள் அவள். ஜீப் மாதிரி ஒரு பெரிய வண்டியை முதலில் வாங்கியவளும் அவள். மறு வருஷம் அக்கா அதே வண்டியை வேறு நிறத்தில் வாங்கினாள். பார்த்தவர்கள் எல்லோரும் "ஓ, தங்கச்சி வண்டி மாதிரியே!" என்றார்கள். மூத்தவளாகப் பிறந்தும் இரண்டாவதாகவே வந்துகொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு ஆற்றாமை.

இவற்றையெல்லாம்கூட விழுங்கிவிடலாம். விழுங்க முடியாதது ஒன்று இருந்தது. அவளுடைய ஒரே மகள், வீட்டில் இன்னமும் 'பாப்பா' என்றே கூப்பிடப்படும் பதினேழு வயதுக்காரி, சித்தி என்றால் உயிரை விடுவாள்.

பாப்பாவுக்கு மலைமேல் இருக்கும் வனக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்படி ஒரு கல்லூரி இருப்பதைச் சொன்னதே சித்திதான். மாதக் கடைசியில் கொண்டுபோய் விடுதியில் சேர்க்க வேண்டும். பாப்பா சாப்பிட்டுக்கொண்டே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அம்மா, சித்தி கொண்டு வந்து விடுறேன்னுட்டாங்க."

"எதை?"

"என்னைத்தான். காலேஜுக்கு."

"ஏன், நான் எதுக்கு இருக்கேன்?"

"மேல கடைசி ரோடு மழையில அரிச்சுப் போயிருக்காம்மா. வெறும் கல்லும் சேறும்தானாம். நம்ம வண்டி வழுக்கும். சித்தி வண்டிக்கு டயர் அகலம்." இவ்வளவையும் சொல்லிவிட்டு, பெரிய மனசு பண்ணி, "நீயும் வாயேன். பின்னாடி உக்காந்துக்கோ" என்றாள்.

பெற்ற பெண்ணைப் படிக்க அனுப்பும் நாளில் பெட்டியோடு பெட்டியாகப் பின்னால் உட்காருவதா! அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

அந்தச் சனிக்கிழமை தங்கை வந்தாள். குடியிருப்பின் கீழ்த்தளத்தில், அக்கா வண்டியின் பக்கத்திலேயே தன் வண்டியை நிறுத்தினாள். சத்தம் கேட்டதும் பாப்பா செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். அம்மா வேலை முடிந்து வந்து மணி அடித்தால், காதில் மாட்டிய வயரைக் கழற்றாமல் வந்து தாழ்ப்பாளை மட்டும் நீக்கிவிட்டுப் போகிற பெண்!

அவளும் கீழே போனாள். இரண்டு வண்டிகளும் அருகருகே நின்றன. அன்றைக்குத்தான் அவள் டயரை டயராகப் பார்த்தாள். தங்கையின் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு நின்றது. கறுப்புச் சக்கரம், அதைச் சுற்றித் தடித்த டயர், அதில் கட்டைவிரல் பருமனுக்குப் புடைத்த ரப்பர் பட்டன்கள், பட்டன் இடுக்கில் காய்ந்த செம்மண். தன் வண்டியில் கம்பெனி மாட்டிக் கொடுத்த டயரே இருந்தது. மேலே அவ்வளவு பெரிய உடம்பு, கீழே மட்கார்டுக்குள் ஒடுங்கிப்போன கால். கோட்டுப் போட்ட ஆசாமி வீட்டுச் செருப்போடு தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"என்னக்கா, வண்டியைக் கழுவவே மாட்டியா?" என்றாள் தங்கை.

"எனக்கு எங்கடி நேரம்? குடும்பம் இருக்குல்ல."

"எனக்கும்தான் இருக்கு. இதோ நிக்கிறா பாரு" என்று பாப்பாவின் மூக்கைப் பிடித்து ஆட்டினாள் தங்கை. விளையாட்டாகச் சொன்னதுதான். பாப்பா சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி உள்ளே சடசடத்தது.

அன்று மாலையே கணவரிடம் சொன்னாள்: "வண்டிக்கு டயரும் ரிம்மும் மாத்தப் போறேன்."

"நல்லாத்தானே இருக்கு?"

"அகலமா போடணும். மலை ரோடு."

அவர் மாவு படிந்த கைக்கடிகாரத்தை ஊதித் துடைத்துக்கொண்டே, "டயர் மாத்தினா வண்டி மாறும். பொண்ணு மாறுவாளா?" என்றார்.

"நான் ரோட்டுக்காகச் சொல்றேன்."

"வருஷத்துக்கு ரெண்டு தரம் போற ரோடு. மீதி நாளெல்லாம் நீ கடைக்குப் போற ரோட்டுல ஏதாவது கல்லு கிடந்தா சொல்லு, நானே பொறுக்கிப் போட்டுடறேன்."

"உங்களுக்குச் சொன்னா புரியாது."

"புரிஞ்சதாலதான் சொல்றேன்" என்றார். அதற்கு மேல் அவர் அதில் தலையிடவில்லை. அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள், உண்மையைச் சொன்னால், அவளுக்குப் பல வருஷங்களில் கிடைக்காத நாட்கள். டயர் மாற்றப் போகிறேன் என்றதும் பாப்பா துள்ளிக் குதித்தாள். மாலையில் அம்மா வந்து முகம் கழுவி முடிப்பதற்குள் சோபாவில் இடம் போட்டு வைத்திருப்பாள். இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஒரே போனில் சக்கரம் சக்கரமாகப் பார்ப்பார்கள். நடுவில் ஐந்து ஆரக்கால் வைத்தது, பத்துக் கால் வைத்தது, வெள்ளி நிறம், கரி நிறம், ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு போட்டது.

"இது நல்லா இருக்கா, முன்னாடி பார்த்தது நல்லா இருக்கா?" என்பாள் அவள்.

"அது மாப்பிள்ளை வண்டி மாதிரி மினுக்குதும்மா. வேணாம்."

"சரி, இது?"

"இதுக்கு ஆஃப்செட் சரி வராது. சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளிய துருத்திட்டு நிக்கும். நமக்கு ரொம்ப வெளியவும் வரக் கூடாது, உள்ளயும் போகக் கூடாது."

அவளுக்குப் பூரித்துப்போனது. இந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது! ரிம் சைஸை ஏற்றக் கூடாது, அதே பதினாறு அங்குலமாகவே இருக்கட்டும், டயர் மட்டும் இரண்டு படி அகலமாகப் போகலாம், கல் ரோட்டில் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் குலுங்காது என்று பாப்பா பொழிந்து தள்ளினாள். அவள் கேட்டுக்கொண்டே பெண்ணின் தலைமுடியில் விரலை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். எப்போதும் தட்டிவிடுகிறவள் அன்று தட்டிவிடவில்லை.

"சித்திகிட்ட இதைச் சொல்லிட்டு இருக்காத" என்றாள் ஒரு நாள், போகிற போக்கில் சொல்வதுபோல்.

"ம்" என்றாள் பாப்பா. போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டயர்க் கடையை அவளே தேர்ந்தெடுத்தாள். தங்கை டயர் மாட்டிய கடை எதுவோ, அதற்கு நேர் எதிர்த்திசையில், ஊரின் மறுகோடியில் இருக்கும் கடை. அதன் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கைக்கு அது ஒன்றே காரணம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளும் போனார்கள். நீளமான கொட்டகை. உள்ளே புது ரப்பர் வாசனை மூக்கைத் துளைத்தது. தரை முதல் கூரை வரை டயர்கள் அடுக்கிக் கிடந்தன. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஆணியடித்து, வரிசை வரிசையாகச் சக்கரங்களை மாட்டியிருந்தார்கள். டயர்க்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து, "வாங்க, வாங்க. என்ன வண்டி?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பாப்பா சுவரைக் கை காட்டிவிட்டாள்.

"மேல் வரிசையில மூணாவதும்மா. அதான். கறுப்பு, ஆறு கால், மேட் ஃபினிஷ். அதுதான் நமக்குச் சரியா இருக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேல் வரிசையில் மூன்றாவதாகத் தொங்கியது பளபளவென்று கண்ணைக் கூசவைக்கும் வெள்ளிச் சக்கரம். அதற்கு எண்ண முடியாத அளவுக்குக் கால்கள்.

டயர்க்காரர் சிரித்துவிட்டார். "அது நேத்து வரைக்கும் அங்க இருந்துச்சும்மா. சுவரை நேத்துதான் மாத்தி மாட்டினோம். நீங்க கேக்குறது இதோ, கீழ இருக்கு."

பாப்பாவின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

அவள் தொழிலில் இது சாதாரணமாக நடப்பது. கண்ணாடி போட விருப்பமில்லாதவர்கள், வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போதே உள்ளே படிக்கிறவரின் குரலைக் கேட்டுக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவள் எதுவும் சொல்லாமல் எழுத்து அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு, "மறுபடி படிங்க" என்பாள். அட்டை மாறியது தெரியாமல் பழைய எழுத்துகளையே அதே வேகத்தில் சொல்வார்கள். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இன்று அதே முகத்தோடு தன் மகள் நின்றாள்.

"பாப்பா, நீ இந்தக் கடைக்கு முன்னாடி வந்திருக்கியா?"

"இல்லம்மா."

"பின்ன மூணாவதுன்னு எப்படித் தெரியும்?"

இரண்டு பேரையும் பார்த்துவிட்டு டயர்க்காரர்தான் உதவிக்கு வருவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "போன வாரம் உங்க சாயல்லயே ஒரு மேடம் வந்தாங்க. இதே வண்டி. ஒவ்வொரு ரிம்மையும் இறக்கச் சொல்லி அளந்து பார்த்தாங்க. கடைசியில சுவரை போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. உங்களுக்கு என்ன வேணும் அவங்க? தங்கச்சியா?"

சோபாவில் கழிந்த அத்தனை மாலைகளும் அவள் கண்முன்னே ஒருதரம் வந்து போயின. பக்கச்சுவர் உயரம், ஆஃப்செட், இரண்டு படி அகலம்! பாப்பாவின் வாயிலிருந்து வந்ததெல்லாம் யார் பேச்சு? தோளோடு தோள் இடித்து இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாக அவள் நினைத்திருந்த சோபாவில், மூன்று பேர் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"அது வேணாம்" என்றாள் டயர்க்காரரிடம். "வேற காட்டுங்க. இதைவிட அகலமா."

"அம்மா..."

"நீ சும்மா இரு."

டயர்க்காரர் தயங்கிக்கொண்டே இன்னொரு சக்கரத்தைக் காட்டினார். அதற்குப் போடுகிற டயரையும் உருட்டிக்கொண்டு வந்தார். சும்மா சொல்லக் கூடாது, யானைக்கால் மாதிரி இருந்தது. தங்கையின் டயர் இதன் பக்கத்தில் நின்றால் சைக்கிள் டயர்.

"இது நல்லா இருக்கு" என்றாள்.

"பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா உங்க வண்டிக்கு இது ஜாஸ்தி. நேரா போகும்போது ஒண்ணும் தெரியாது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பினா உள்ள போய் உரசும்."

"நான் முழுசா ஒடிக்க மாட்டேன்."

டயர்க்காரர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா கூரையைப் பார்த்தாள். அவர், "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார்.

வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது நிமிர்ந்து வந்தது. சாலையோரத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு மனசு குளிர்ந்தது. முதல் திருப்பத்தில் வண்டியைத் திருப்பினாள். கீழேயிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. அவள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். பாப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை கணவர் கீழ்த்தளத்தில் நின்று, அவள் தூணைச் சுற்றி வண்டியை ஒடித்து நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி பல்லை நறநறன்னு கடிக்குது" என்றார். "ஓட்டுறவங்க குணம் வந்துடும்போல."

அவள் ஒடிக்காமல் ஓட்டப் பழகினாள். கடைக்குப் போகும் வழியில் இருந்த குறுகலான திருப்பத்தை விட்டுவிட்டு, பெரிய சாலை வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போனாள். கீழ்த்தளத்தில் தன் இடத்தில் நிறுத்த முடியாமல், வெளியே மரத்தடியில் நிறுத்தினாள். பறவைகள் தங்கள் கடமையைச் செய்தன. இரண்டு தடவை முன்னே போய் இரண்டு தடவை பின்னே வந்து திருப்பினால் சத்தமே வராது என்று கண்டுபிடித்துக்கொண்டாள். அவ்வளவு தொல்லையிலும், சிக்னலில் நிற்கும்போது எதிர்க் கடைக் கண்ணாடியில் வண்டி தெரிந்தால் அந்த டயரை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். தங்கையைவிட நான்கு விரற்கடை அகலம்.

அவள் நினைத்துப் பார்க்காத ஒன்று இருந்தது. அதைப் பாப்பாதான் சொன்னாள். பெட்டி கட்டத் தொடங்கிய அன்று, மரத்தடியில் வண்டியின் பின்கதவைத் திறந்து எது எங்கே வைப்பது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவே பல நாட்களாகச் சரியான பேச்சு இல்லை.

"எப்படிம்மா மேல போவ?" என்றாள் பாப்பா திடீரென்று.

"ஏன், மத்தவங்க எப்படிப் போறாங்க?"

"மலை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் முழுசா ஒடிக்கணும். பின்னாடி பஸ் வரும். நீ அங்க நின்னு ரெண்டு தரம் முன்ன, ரெண்டு தரம் பின்னன்னு போவியா?"

தோற்கிற நேரத்தில் எல்லோரும் சொல்வதை அவளும் சொன்னாள்: "அப்ப உன் சித்தியோடயே போ. உனக்கு அதுதானே வேணும்?"

பாப்பா கையிலிருந்த பையைத் தொப்பென்று கீழே போட்டாள். "எனக்கு எது வேணும்னு நீ கேட்டியா? நீ டயர் மாத்தப் போறேன்னு சொன்ன அன்னைக்கே நான் சித்திக்கு போன் பண்ணி, நீங்க வர வேணாம், அம்மாவே கூட்டிட்டு வர்றாங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கு அவங்க, சரிடி, ஆனா உங்கம்மா கோவத்துல எதையாவது வாங்கி மாட்டிடுவா, நான் பார்த்துச் சொல்றேன், நீயே சொல்ற மாதிரி சொல்லுன்னாங்க. நீ எந்தக் கடைன்னு முடிவு பண்ணதும் அதையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன். நீ வரணும்னுதான் நான் அந்த நம்பரை எல்லாம் உக்காந்து மனப்பாடம் பண்ணேன். நீ என்னடான்னா நீயே வர முடியாத மாதிரி ஒண்ணை வாங்கி மாட்டி வச்சிருக்க!" மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பரீட்சைக்குக்கூட இவ்வளவு மனப்பாடம் பண்ணிப் பழக்கமில்ல" என்றாள்.

அவள் கீழே விழுந்த பையை எடுத்துத் தூசி தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். பெண் தன்னோடு வரத்தான் ஆசைப்பட்டிருக்கிறாள். அது நெஞ்சுக்குள் இறங்கி இதமாக இருந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் இறங்கியது. தங்கை அந்தப் பயணத்தை ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்திருக்கிறாள். கடை தேடிப் போய், ரிம்மை அளந்து, யாருக்கும் தெரியாமல் அக்காவுக்கு வழி பண்ணியிருக்கிறாள். விட்டுக்கொடுப்பதிலும் அவளே முந்திக்கொண்டுவிட்டாள்! கெட்டவளாக இருந்து தொலைத்தாலாவது நிம்மதியாகப் பொறாமைப்படலாம்.

"கதவைச் சாத்து" என்றாள் மகளிடம். "கடை மூடுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

டயர்க்காரர் தூரத்திலிருந்தே வண்டியின் சத்தத்தைக் கேட்டு எழுந்துவிட்டார். உள்ளே போய், அந்த ஆறு கால் கறுப்புச் சக்கரங்கள் நான்கையும், டயர் பூட்டித் தயாராக இருந்தவற்றை, உருட்டிக்கொண்டு வந்தார்.

"எடுத்து வச்சிருந்தேன்."

"நான் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எங்க தெரியும்? அந்த மேடம்தான் சொன்னாங்க. எங்க அக்கா முதல்ல வேற எடுப்பாங்க, அப்புறம் இதுக்குத் திரும்பி வருவாங்க, யாருக்கும் வித்துடாதீங்கன்னாங்க."

பாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து, இருமுவதுபோல் நடித்தாள். அவள் நட்டுகள் ஒவ்வொன்றாக முடுக்கப்படுவதைக் கை கட்டிக்கொண்டு பார்த்தாள். கடைசியில் கேட்டாள்: "காத்து அடிக்கிற இடத்துல ஒரு சின்ன மூடி இருக்கே, அதுல வேற கலர் இருக்கா?"

"சிவப்பு இருக்கு."

"அதைப் போடுங்க. என் தங்கச்சி வண்டியில கறுப்பு."

மாதக் கடைசியில் அவர்கள் மூவரும் கிளம்பினார்கள். கணவர் பின்னிருக்கையில் பெட்டிகளுக்கும் போர்வை மூட்டைக்கும் நடுவே, ஒரு பெட்டியைப்போலவே அடங்கி உட்கார்ந்து தூங்கினார். முன்னே பாப்பா. மலை தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தாள். ஒரு சத்தமும் இல்லை. வண்டி வழுவழுவென்று சுற்றி மேலே ஏறியது. இரண்டாவது வளைவில் மூச்சைப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கே ருசி தட்டிவிட்டது. வளைவு வராதா என்று பார்த்தாள்.

கடைசிச் சாலை பாப்பா சொன்னதைவிட மோசமாக இருந்தது. சேற்றில் ஒரு வேன் சிக்கி, சக்கரம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஓரமாக எடுத்து, மெதுவாக, விடாமல் ஏற்றினாள். டயர் கல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவது இருக்கை வழியாகத் தெரிந்தது. நல்ல டயர்தான். அதை ஒப்புக்கொள்ளும்போது சற்றுக் கசந்தது. இருந்தாலும் ஓட்டியது அவள்.

"சூப்பர்மா" என்றாள் பாப்பா. பின்னாலிருந்து, "வந்தாச்சா?" என்றது போர்வை மூட்டை.

விடுதியில் எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. பெட்டியை அறையில் வைத்தார்கள். அலமாரியைத் துடைத்தாள். படுக்கையை விரித்தாள். இன்னும் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். பாப்பா, "போதும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றாள். அதற்குள் வாசலில் இன்னொரு பெண் பெட்டியோடு வந்து நின்றாள். பாப்பா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, "உனக்கு ஜன்னல் பக்கம் வேணுமா?" என்று கேட்டாள்.

இறங்கும்போது பாதி மலையில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினார்கள். கணவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது முறிந்து விழுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோகும் வித்தையில் முனைந்திருந்தார். அவள் வண்டியில் சாய்ந்து நின்றபோது போன் அடித்தது. தங்கை.

"சேர்த்தாச்சாக்கா?"

"ஆச்சு."

"டயர்?"

"பரவால்ல" என்றாள். பிறகு, மனசில்லாமல், "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"உனக்கு போன் பண்ணாளா?"

"இல்லக்கா. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

போனில் தங்கை மூச்சு விடுவது கேட்டது.

"ஒரு போட்டோ போட்டிருக்கா, பார்த்தியா?" என்றாள் தங்கை. குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். விடுதி வராந்தாவில் பாப்பாவும் அந்த ஜன்னல் பக்கத்துப் பெண்ணும். இரண்டு பேரும் பல் தெரிய, கண் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்கா அவ?"

"கூட இருக்கப் போறவளாம்."

"வந்து அரை நாள்கூட ஆகல, அதுக்குள்ள நம்ம புள்ள ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு நிக்கிறா?"

"அட, ஆமாடி! அது நான் கடை கடையா ஏறி இறங்கி வாங்கினது."

"கழுத்தைப் பாரு, எப்படி இழுத்து விட்டிருக்கான்னு."

"கழுத்தை விடு, கண்ணாடியைப் பாரு. ஃபிரேம் மூக்குல நிக்கவே இல்ல. பவரும் பழசு. கண்ணைச் சுருக்கிட்டுத்தான் பார்க்கிறா."

"அப்படியா?" என்றாள் தங்கை ஆவலாக.

"பின்ன? ஒரு பார்வையில சொல்லிடுவேன்."

"எனக்கென்னமோ சரியாப் படல. அடுத்த மாசம் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரணும்க்கா. ரெண்டு பேருமா."

"போவோம். என் வண்டியில."

"அந்த ரோட்டுல மழை பெய்ஞ்சா..."

"என் வண்டியிலன்னு சொன்னேன்ல?"

"சரி சரி, உன் வண்டியில."

கணவர் காலி கோப்பையை வைத்துவிட்டு வந்து, கிளம்பலாமா என்று சைகை காட்டினார். அவள் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினாள். தங்கையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு விரலால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தாள்.